விண்ணப்பத்தில் நான் எழுதிய ‘இல்லை’

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அக்கா முசிறியில், அம்மாவின் பிறந்த வீட்டில் பிறந்தார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தார். எனக்கு ஏழு வயது மூத்தவர்.

2. ஆசிரியர் பயிற்சி முடித்த ஆண்டில் அவருக்கு மனச்சோர்வு நோய் வந்தது. சிகிச்சை எடுத்தார், தேறினார். மருத்துவர் சொன்னபடி மாத்திரையைத் தொடர்ந்தார்.

3. திருமணமாகி ஸ்ரீரங்கம் வந்தார். குழந்தை பிறக்கவில்லை.

4. அக்காவும் அத்தானும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். விண்ணப்பத்தை நிரப்பியவள் நான்.

5. அக்கா மாத்திரையை நிறுத்தினார்.

6. ஐந்து மாதம் கழித்து, சென்ற தை மாதத்தில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து.

7. மாரடைப்பு என்று எல்லோரிடமும் சொன்னோம். பதினாறாம் நாள் அட்டையிலும் அப்படியே அச்சிட்டோம். அந்த வாசகத்தை எழுதியவளும் நான்தான்.

துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே ஏதாவது தவறு நடந்தால் முதலில் நடந்ததை வரிசையாக எழுதுவோம். காரணத்தை அதற்குப் பிறகுதான் பேசுவோம். அக்காவைப் பற்றி எழுத எனக்கு வேறு முறை தெரியவில்லை. அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலரிடம் நான் நேருக்கு நேர் மாரடைப்பு என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவுக்குப் பொய் வராது. அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். சிறுமியாக இருந்தபோது ஒருமுறை முசிறி பஸ்ஸில் அம்மா அவருக்கு அரை டிக்கெட் கேட்டார். கண்டக்டர் வயதைக் கேட்டதும் “பதினொண்ணு” என்றார் அம்மா. “பன்னெண்டு முடிஞ்சிருச்சும்மா. போன மாசம்தானே கேசரி பண்ணினீங்க?” என்றார் அக்கா. பஸ்ஸே சிரித்தது. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த எங்கள் அப்பா, தாம் இருந்தவரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த நாட்களில் அக்காவுக்கு முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பசி. பிறகு பேச்சு. இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். “எழுந்து நாலு வேலை பார்த்தா எல்லாம் சரியாப் போகும்” என்று திட்டவும் செய்தார். அப்பாதான் தில்லை நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் அக்கா தானாக எழுந்து தலை வாரிக்கொண்டார். அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம். உறவினர்களிடம் தோல் டாக்டர் என்று சொன்னோம்.

ஆனாலும் செய்தி கசிந்தது. திருச்சியிலிருந்து முசிறி போகும் பஸ் குணசீலம் வழியாகத்தான் போகும். மனம் சரியில்லாதவர்களை வேண்டுதலுக்கு அழைத்து வரும் கோவில் அங்கே இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்தில் அந்த ஊரின் பெயரே ஒரு கேலிச் சொல். அக்கா தேறிய பிறகு உறவுக்காரர்களோடு ஒரு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். “குணசீலம் இறங்குறவங்க முன்னாடி வாங்க” என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். எங்கள் பெரியம்மா மகன் திரும்பி, “என்ன, இறங்கணுமா? விசில் அடிக்கச் சொல்லட்டுமா?” என்றார்.

“நீங்க முதல்ல இறங்குங்கண்ணே. நான் பின்னாடியே வரேன்” என்றார் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். விசேஷ வீட்டில் அக்கா இலையில் உட்காரவில்லை. அதன் பிறகு அம்மா எங்களை அந்த பஸ்ஸில் ஏற்றவே இல்லை. குளித்தலை போய், அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டித்தான் முசிறி போவோம். சுற்று வழிதான். கேட்டவர்களிடம் “இதுல கூட்டம் கம்மி” என்பார் அம்மா. ஒரு ஊரின் பெயர் மகள் காதில் விழக்கூடாது என்று இத்தனை ஆண்டு ஆற்றின் மறுகரையில் போனார். அது அன்புதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெயர் வாயில் வரக்கூடாதது என்பதையும் அந்த வழிதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

அத்தானிடம் அக்கா எதையும் மறைக்கவில்லை. பெண் பார்க்க வந்தபோது தனியாகப் பேச விட்டார்கள். காபி கொண்டுபோன நான் கதவருகே நின்று கேட்டேன்.

“நான் தினமும் மாத்திரை சாப்பிடுறேன்.”

“என்ன மாத்திரை?”

“மனசுக்கு.”

“எங்க வீட்ல எல்லாருக்கும் சுகர். நாற்பது வயசானா நானும் தினமும் சாப்பிடப் போறவன்தான்” என்றார் அத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்கம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்” என்றார்.

அந்த ‘மட்டும்’ என்ற சொல்லுக்காக நான் ஒரு வேலை செய்தேன். அப்போது நான் பாலிடெக்னிக் மாணவி. ஒரு காலி டப்பாவைக் கழுவி, ‘சத்து மாத்திரை - காலை 1’ என்று அழகாக எழுதி ஒட்டி, அக்காவின் மாத்திரைகளை அதில் போட்டுக் கொடுத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஸ்ரீரங்கம் வீட்டில் எட்டு ஆண்டுகள் அந்த டப்பா அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. யாரும் எதுவும் கேட்டதில்லை.

அந்த எட்டு ஆண்டுகளும் அக்கா நன்றாக இருந்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்பு நடத்தினார். வாய்ப்பாடு வராத பிள்ளைகளைத் தன் மேசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். அது தண்டனை என்று யாரும் நினைத்ததில்லை, அந்த இடத்துக்குப் போட்டி நடக்கும். அப்பா படுத்த படுக்கையான கடைசி நாட்களில் மருத்துவமனையில் அதிக நாள் உடனிருந்தவரும் அவர்தான். இதெல்லாம் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு செய்தவை.

தத்தெடுப்பது அக்காவின் எண்ணம். மணப்பாறையில் ஒரு கல்யாணத்தில் உறவுக்காரச் சித்தி ஒருவர், “யாரு பெத்ததோ, என்ன ரத்தமோ, யோசிச்சியாடி?” என்றார். “நம்ம ரத்தம் மட்டும் என்ன ஒசத்தி சித்தி? எனக்கு சாதாரண ஓ பாசிட்டிவ்தான்” என்றார் அக்கா. அன்று அவர் முகத்தில் இருந்த துணிவை நான் பிறகு பார்க்கவில்லை.

தேவையான ஆவணங்களை ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. உடல்நிலை பற்றி நாமே நிரப்ப வேண்டிய பகுதியில், தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் மருந்துகள் உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பொன்மலையை விட்டு வந்தபின் நாங்கள் குடியிருக்கும் திருவானைக்காவல் வீடு. அத்தான் வரவில்லை. நான், அக்கா, அம்மா மூவர் மட்டும்.

“உண்டுன்னு போடு. மாத்திரை பேரையும் எழுது” என்றார் அக்கா.

“எழுதினா அவ்வளவுதான்” என்றார் அம்மா. “பைத்தியத்துக்கு எவன் குழந்தையைக் குடுப்பான்?”

பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத சொல். அக்கா அம்மாவைப் பார்த்தார். அம்மாவுக்குச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

“பொய் எழுதாதே” என்றார் அக்கா. நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நான்கு நாள் கழித்து அக்கா போன் செய்தார். “அந்த இல்லையை மாத்த வேண்டாம். நான் நிறுத்திட்டேன். இப்போ அது பொய் இல்லை.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதுதான் உண்மை. “சரிக்கா” என்றேன். மருத்துவரைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. அத்தானுக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. டப்பாவில் அக்கா நிஜமாகவே சத்து மாத்திரை வாங்கிப் போட்டு வைத்திருந்தார். தினமும் காலையில் அதில் ஒன்று சாப்பிடுவதை அத்தான் கண்ணால் பார்த்தார். அவர் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

தெருமுனை டாக்டர் ரத்தமும் பிரஷரும் பார்த்து, நாங்கள் எழுதியதை நம்பிக் கையெழுத்திட்டார். வீட்டைப் பார்க்க ஒரு சமூகப் பணியாளர் அம்மா வந்தார். அக்கா கேசரி கிளறினார். குழந்தைக்கென்று ஒதுக்கிய அறையைக் காட்டினார். காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறியது.

ஐப்பசி வாக்கில் அக்காவின் தூக்கம் குறைந்தது. வீட்டுப்பாட நோட்டுகள் திருத்தப்படாமல் பையிலேயே இருந்தன. மார்கழியில் நான் போய்ப் பார்த்தபோது, கோலம் போட உட்கார்ந்தவர் புள்ளி வைத்துவிட்டு அப்படியே இருந்தார். எனக்குப் பழைய இரண்டு மாதமும் ஞாபகம் வந்தது. “டாக்டர்ட்ட போலாங்க்கா” என்றேன்.

“போனா மருந்துச் சீட்டு குடுப்பாங்க. சீட்டு இருந்தா அந்த இல்லை மறுபடி பொய்யாயிடும். குழந்தை வரட்டும். அப்புறம் போறேன்.”

நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அத்தானிடமாவது சொல்லியிருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்று திரும்பினேன். பொங்கல் முடிந்த வாரத்தில் அக்கா போய்விட்டார். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

சில மாதம் கழித்து, அதே சமூகப் பணியாளர் அம்மா வழக்கமான விவரம் கேட்க எனக்குப் போன் செய்தார். அவரிடம்தான் முதன்முதலில் உண்மையைச் சொன்னேன். அவர் சொன்னார்: “மருந்து சாப்பிடுறாங்கன்னு சொல்லியிருந்தா, டாக்டர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லியிருப்போம்மா. நிலையா இருக்காங்களா, குழந்தையைப் பார்த்துக்க முடியுமான்னு அதுல பார்ப்போம். மருந்து சாப்பிடுறாங்க என்கிற ஒண்ணுக்காக வேண்டாம்னு சொல்றது இல்லை.”

அந்தக் கடிதத்தை அக்காவின் மருத்துவர் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பார். நானே அவரிடம் போய்க் கேட்டேன். நோய்தான் காரணம், ஒரு சொல்லோ ஒரு ஆளோ காரணம் இல்லை, யாரும் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டாம் என்றும் அவர் சொன்னார். அதை ஏற்கிறேன். ஆனால் நோய்க்கு மருந்து இருந்தது. அந்த மருந்தைச் சொல்லக்கூடாத பொருளாக ஆக்கியவர்கள் நாங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அத்தானிடமும் அம்மாவிடமும் காட்டினேன். அத்தான் படித்துவிட்டு, ‘மட்டும்’ என்று தான் சொன்னதை எடுக்க வேண்டாம் என்றார். அம்மா, “மாரடைப்புன்னே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “நான் சொன்ன வார்த்தையையும் போட்டிருக்கியா?” என்று கேட்டார். போட்டிருக்கிறேன் என்றேன். “இருக்கட்டும்” என்றார்.

அக்கா இறந்த அன்று வகுப்பை விட்டு ஓடி வந்த பள்ளி ஆசிரியைகளுக்கும், பதினாறு நாளும் அத்தான் வீட்டில் அடுப்பு எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், முசிறி உறவுகளுக்கும், காரணம் தெரிந்தும் எங்களைக் கேள்வி கேட்டுக் குடையாத மருத்துவமனைச் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அக்காவின் மருத்துவர், பணம் வாங்காமல் எங்கள் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். அவருக்கும் நன்றி.

இன்றைய நிலை இது. தத்தெடுப்பு விண்ணப்பம் முடித்துவைக்கப்பட்டுவிட்டது. அந்த அறையில் அத்தான் இப்போது துணி மடித்து வைக்கிறார். அம்மா நான்கு மாதமாகச் சிகிச்சையில் இருக்கிறார், தூக்கம் கொஞ்சம் வருகிறது. நம் உறவில் இன்னும் மூன்று பேர் இதே மாதிரி மாத்திரையை வேறு பெயர் சொல்லிச் சாப்பிடுகிறார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். நிறுத்தத் தோன்றினால் முதலில் என்னைக் கூப்பிடுங்கள், டாக்டரிடம் நானும் கூட வருகிறேன் என்று மூவரிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார்.