டைனோசருக்குச் சாம்பிள் பார்த்த கதை

நெல் பார்த்து வாங்குவது என் வேலை. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். லாரி வந்து நின்றதும் மூட்டைகளில் அங்கங்கே குத்தூசியை விட்டு ஒரு கைப்பிடி எடுப்பேன். உள்ளங்கையில் பரப்பி ஊதினால் பதர் பறந்துவிடும். மிச்சத்தில் ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதற்கென்று மீட்டர் இருக்கிறது, அதையும் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் என் பல்லும் மீட்டரும் ஒன்றையேதான் சொல்லும். பிறகு தலையை ஆட்டுவேன். மேலும் கீழுமாக ஆட்டினால் லாரி உள்ளே போகும், பக்கவாட்டில் ஆட்டினால் வந்த வழியே திரும்பும். பேச்சே வேண்டாம். பி.காம். படித்துவிட்டு இந்த வேலைக்கு நான் வந்ததற்குக் காரணமும் அதுதான். எனக்குத் திக்குவாய்.

அப்படிப்பட்டவனிடம் போன மாசி மாதம் என் மனைவி ஒரு டைனோசரைக் கொடுத்துச் சாம்பிள் பார்க்கச் சொன்னாள்.

குவைத்தில் இருக்கும் அவளுடைய அண்ணன், எங்கள் மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்காக ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியது அது. போன வருடம் மச்சான் அனுப்பிய ரிமோட் கார், கேக் வெட்டுவதற்குள் உயிரை விட்டுவிட்டது. பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாமலே அழுது தூங்கினாள்.

"இந்தத் தடவை முன்னாடியே ஓட்டிப் பாத்துடுங்க. நல்லா இருந்தா குடுப்போம், இல்லன்னா கண்ணுலயே காட்ட வேணாம்" என்று சொல்லிவிட்டு மனைவி ரேஷன் கடைக்குக் கிளம்பினாள். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். எனக்கு அன்று மதியம் வரை லோடு இல்லை. பெட்டியைப் பிரித்தேன்.

பச்சை நிறம், மஞ்சள் வயிறு, எதற்கும் உதவாத இரண்டு குட்டிக் கைகள். என் மகள் அம்மாவின் போனில் தமிழ் டப்பிங்கில் பார்த்துப் பார்த்துத் தேய்த்த ஒரு கார்ட்டூன் படத்தின் கதாநாயகன். தும்மலை அடக்கத் தெரியாத டைனோசர். அது தும்மினால் மரம் சாயும், கூட்டமே தெறித்து ஓடும். கடைசியில் அந்தத் தும்மல்தான் எல்லோரையும் காப்பாற்றும். வசனம் முழுக்க எனக்கும் மனப்பாடம், வெளியே சொல்லத்தான் முடியாது.

முறைப்படி ஆரம்பித்தேன். வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், கெட்டி. தையல் எங்கும் பிரியவில்லை. கண் இரண்டும் உள்ளே இறுக்கி வைத்தவை, பிடுங்கி விழுங்க முடியாது. பேட்டரி மூடிக்குத் திருகாணி இருந்தது. வயிற்றை அழுத்தினால் ஒரு தும்மல், பிறகு ஆங்கிலத்தில் நாலு வசனம். தும்மல் முதல் தரம். யாரும் இல்லாத வீட்டில் நான் ஒருவனே ஐந்து தடவை அழுத்திச் சிரித்தேன். சரக்கு நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டப் போகும் நேரத்தில்தான், முதுகில் இன்னொரு பொத்தான் இருப்பதைப் பார்த்தேன். அதைத் தள்ளிவிட்டு நாம் எதைச் சொன்னாலும் டைனோசர் அப்படியே திருப்பிச் சொல்லும் என்று பெட்டியில் போட்டிருந்தது.

"வணக்கம்" என்றேன். "வணக்கம்" என்றது, கீச்சுக் குரலில். நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒரு கைப்பிடியை வைத்து மூட்டையை எடை போடுகிற ஆள் இல்லை நான். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் குத்திப் பார்த்துதான் பழக்கம்.

"த... த... த... தஞ்சாவூர்" என்றேன்.

"த... த... த... தஞ்சாவூர்" என்றது டைனோசர். தலையை வேறு ஆட்டியது.

எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

'த' என்ற எழுத்து எனக்கு ஜென்ம விரோதி. பிறந்தது திருப்பனந்தாள் பக்கம், பிழைப்பது தஞ்சாவூர் பக்கம். என் தலையெழுத்து அப்படி. கும்பகோணத்தில் கல்லூரி படித்த மூன்று வருடமும் பஸ்ஸில் நான் என் ஊருக்கு டிக்கெட் கேட்டதே இல்லை. கண்டக்டர் வந்தால் "அணைக்கரை" என்பேன். அது வாயில் தடுக்காமல் வரும். அணைக்கரை எங்கள் ஊரைத் தாண்டி இருக்கிறது, டிக்கெட் விலையும் கூடுதல். போகட்டும் என்று வாங்கிக்கொண்டு திருப்பனந்தாளிலேயே இறங்கிவிடுவேன். ஒரு நாள் புதிதாக வந்த கண்டக்டர் ஒருவர், நல்ல மனுஷன், இறங்கப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, அணைக்கரை இன்னும் வரலப்பா, உக்காரு." தெரியும் என்று சொன்னால் போதும். அதுவும் 'த' வரிசைதான். உட்கார்ந்துவிட்டேன். அணைக்கரை வரைக்கும் போய், வேறு பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். வயலில் நாற்றுப் பறித்துவிட்டு வந்திருந்த அம்மா ஏன் லேட் என்று கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். என் மகள் விஷயத்தில் சிரிப்பு வரவில்லை.

நாலரை வயது வரை அவளுக்கு வாய் ஓயாது. தீபாவளிக்குப் பிறகு சொற்கள் தடுக்க ஆரம்பித்தன. முதல் எழுத்து இரண்டு தடவை, மூன்று தடவை. தஞ்சாவூரில் டாக்டரிடம் காட்டினோம். இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், பலருக்குத் தானாகவே போய்விடும், அதட்டாதீர்கள், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். திக்குவதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. திக்கிக்கொண்டே நாற்பது வயதை எட்டப் போகிறேன், சோறு கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் பொங்கலன்று, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவள் தண்ணீர் வேண்டும் என்று கேட்காமல் காலி டம்ளரை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினாள். மாமியார்கூட "என்ன சமத்து!" என்று மெச்சினார். அது சமத்து இல்லை என்று அந்த வீட்டில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். என் மகள் அணைக்கரைக்கு டிக்கெட் எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பேச்சையே விட்டுவிடுவாளோ என்பதுதான் என் பயம். நான் விட்டவன். என்னால் தலையாட்டிப் பிழைக்க முடிந்தது, அவளுக்கு அந்தப் பிழைப்பு வேண்டாம். இந்த நேரத்தில் அவள் திக்குவதைக் கீச்சுக் குரலில், தலையை ஆட்டி ஆட்டி, அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிக் காட்டுகிற ஒன்றை நானே பரிசாகக் கொடுப்பதா? பள்ளிக்கூடத்தில் எனக்கு அதைச் செய்ய நாலு பையன்கள் இருந்தார்கள். பேட்டரி போடாமலே செய்தார்கள்.

டைனோசரைப் பெட்டிக்குள் தள்ளிப் பீரோவுக்கு மேலே வைத்தேன். மனைவி வந்ததும் "ரி... ரிப்பேர்" என்றேன்.

அவள் நான் சொன்னால் நம்புகிறவள்தான், ஆனால் சாமான் விஷயத்தில் இல்லை. அரிசிப் பையை இறக்கி வைத்த கையோடு முக்காலி போட்டு ஏறி எடுத்தாள். வயிற்றை அழுத்தினாள். ஜம்மென்று தும்மியது.

"நல்லாத்தானே இருக்கு? எதுக்குப் பொய் சொல்றீங்க?"

பொத்தானைத் தள்ளிக் காட்டினேன். நான் ஒரு வரி பேச, அது ஒரு வரி பேச, அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பொத்தானை அவளே திரும்பத் தள்ளி அணைத்தாள். பிறகு கோபம் வந்தது.

"உங்க பயத்தப் புள்ள மேல ஏத்தாதீங்க. அவ பேசறது அவளுக்குத் தெரியாதா?"

"கே... கேலி பண்ற மாதிரி இருக்கும்."

"பொம்மைக்கு என்னங்க கேலி தெரியும்?"

என்னைக் கேலி செய்த பையன்களுக்கும் தாங்கள் செய்வது கேலி என்று பாதி தெரியாது. இதைச் சொல்ல ஆரம்பித்தேன், இரண்டாவது சொல்லிலேயே நின்றுவிட்டேன். மனைவி வழக்கம்போல மீதியை அவளே சொல்லி முடித்தாள். கல்யாணமான புதிதில் காத்திருப்பாள். போகப்போக என் வாக்கியங்களை எடுத்துக்கொண்டாள். பத்தில் எட்டு சரியாக இருக்கும். மீதி இரண்டில், நான் மோர் கேட்க வாயெடுத்தால் ரசம் வந்து விழும். பாசத்தில் செய்கிறாள் என்பதால் ரசத்தையே சாப்பிட்டுவிடுவேன். அன்றைக்கும் அவள் முடித்த வாக்கியம் நான் சொல்ல வந்தது இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வேற பொம்ம வாங்கிக்கலாம். இது மேலேயே இருக்கட்டும்" என்றாள்.

கெடுத்தது மச்சான்தான். பிறந்தநாள் அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு அங்கே லீவு. காலையிலேயே வீடியோ காலில் வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, சாமான் வந்துச்சா?" என்று என்னைக் கேட்டவர், நான் பதிலுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போதே மகளிடம் தாவினார். "குட்டிம்மா, மாமா அனுப்புன டைனோசரு எங்கடா? முதுகுல ஒரு பட்டன் இருக்கும், அதத் தள்ளிட்டுப் பேசிப் பாரு. நீ சொல்றதயே சொல்லும்!"

இதற்கு மேல் என்ன ரிப்பேர் என்று சொல்வது? மகள் என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். பொங்கலன்று டம்ளரை நீட்டிய அதே கை. பெட்டியை இறக்கிக் கொடுத்தேன்.

அவள் என்னைவிடப் பெரிய சாம்பிள்காரி. முதலில் மோந்து பார்த்தாள். பிறகு வாலை வாயில் வைத்துக் கடித்தாள். வயிற்றை அழுத்தி, தும்மலுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தோடு மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, டைனோசரை எதிரே நிற்க வைத்து, முதுகைத் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்துத் தள்ளினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், தேவைப்பட்டால் பொத்தானை அணைத்துவிடத் தோதாக. மனைவி கேசரி கிண்டிய கரண்டியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

மகள் குனிந்து அதன் முகத்தோடு முகம் வைத்தாள்.

"த... த... தம்பி, நீ என்ன சா... சா... சாப்ட்ட?"

டைனோசர் தலையை ஆட்டிக்கொண்டு தொடங்கியது.

"த... த... தம்பி, நீ என்ன சா... சா..."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கையை நீட்டிப் பொத்தானைத் தொட்டேன். என் விரலை அவளுடைய சின்னக் கை பிடித்துக்கொண்டது. நல்ல பிடி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் முழுக்க டைனோசர் மேலேயே இருந்தது.

"இருப்பா. அது இன்னும் சொ... சொல்லி முடிக்கல."

டைனோசர் சொல்லி முடித்தது. அவள் அதுவரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. என் வாய் தடுக்கி நிற்கும்போது சிரித்தவர்கள் உண்டு, வேறு பக்கம் பார்த்தவர்கள் உண்டு, அன்பாகச் சொல்லை முடித்துக் கொடுக்கிறவள் வீட்டிலேயே உண்டு. கொஞ்சம் இரு, அவன் இன்னும் முடிக்கவில்லை என்று எனக்காக யாரும் யாரிடமும் சொன்னதில்லை. நான் கையை எடுத்துக்கொண்டேன். அவள் டைனோசர் தம்பியிடம் அடுத்த கேள்வியைக் கேட்க ஆரம்பித்தாள். நீளமான கேள்வி. நானும் மனைவியும் காத்திருந்தோம்.