ஞாயிற்றுக்கிழமை பிரியாணி போடுகிறவன்

சபைச் செயலாளர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் மட்டன் பிரியாணித் தட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். காலியான தட்டின் அடியில் ஏலக்காயும் கொஞ்சம் நெய்யும் ஒட்டிக் கிடந்தன. புதுத் தட்டின் சூடு துணியைத் தாண்டி விரல்களில் ஏறியது. அவர் வரிசையின் முதல் ஆளாக நின்றார். சர்ச்சுக்குப் போட்ட கோட்டை இன்னும் கழற்றவில்லை.

“என்ன பிரதர், உங்களை சர்ச் பக்கமே காணோம்? ஓய்வுநாளை ஆசரிக்கணும்ல?”

“ஞாயித்துக்கிழமை எனக்கு ட்யூட்டி அங்கிள்.”

“ஆண்டவர்கிட்ட போய் ட்யூட்டின்னு சொல்ல முடியுமா? அது எக்ஸ்க்யூஸ் பிரதர். அவருக்குத்தான் ஃபர்ஸ்ட் பிளேஸ் குடுக்கணும்.” கரண்டியை எடுத்தவர் அதை என்னிடமே நீட்டினார். “பீஸ் எல்லாம் அடியில கிடக்கும். கொஞ்சம் எடுத்து விடுங்க.”

எடுத்து விட்டேன். அவருக்குப் பின்னால் சபையில் பாதி நின்றது.

இது டெக்சாஸில், ஃபிரிஸ்கோவில் நடந்தது. எங்கள் ரெஸ்டாரன்ட்டில் வாரம் முழுக்க நடக்கிற வியாபாரம் ஒரு பக்கம் என்றால், ஞாயிறு மதிய பஃபே மட்டும் தனியாக ஒரு பக்கம். அதில் முதலில் வருகிற கூட்டம் தமிழ்ச் சபைக் கூட்டம். வெள்ளைக்காரர்களின் சர்ச்சில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துக் காலையில் ஆராதனை நடத்துவார்கள். ஆசீர்வாதம் கூறி முடித்த கையோடு கார்கள் எங்கள் பார்க்கிங்குக்கு வந்துவிடும். பிள்ளைகள் முதலில் உள்ளே ஓடிவந்து நூடுல்ஸ் எங்கே என்று இங்கிலீஷில் கேட்பார்கள். பெரியவர்கள் மேசையைச் சுற்றி நின்று கண்ணை மூடுவார்கள். ‘இந்த உணவை ஆயத்தம் பண்ணின கரங்களை ஆசீர்வதியும்’ என்று ஒருவர் ஜெபிப்பார். சமையல்கட்டுக் கதவு திறந்திருந்தால் எனக்கும் கேட்கும். அந்தக் கரங்கள் விடிவதற்கு முன்பே வெங்காயம் நறுக்கத் தொடங்கியவை. அவை எந்த நேரத்தில் சர்ச்சுக்குப் போக முடியும் என்று ஜெபித்தவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தூத்துக்குடியில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவத் தொடங்கி, கப்பலில் சமைத்து, துபாயில் லேபர் கேம்ப்புக்கு அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, அப்புறம் அமெரிக்கா வந்தேன். ஜெர்சி சிட்டியில் ஒரு மெஸ். சான் ரமோனில் ஆபீஸ்காரர்களுக்கு டிபன் கட்டிக் கொடுக்கும் ஒரு கிச்சன். ஓரிடத்தில் கால் தரித்து நிற்க எனக்கு வரவில்லை. கையில் உள்ள எண்ணெய்த் தழும்பு ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஊர். குளிர்பதனக் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்ட ஊரும் உண்டு, எட்டுப் பேரோடு ஒரே அறையில் படுத்த ஊரும் உண்டு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாருக்கும் அப்படித்தான் இருந்தது.

எந்த ஊரில் இருந்தாலும் அடுப்பைப் பற்றவைக்கும் முன் ஒரு ஜெபம் பண்ணுவேன். யார் கையும் சுடக்கூடாது, சாப்பிடுகிற யாருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடாது. அவ்வளவுதான். நேற்று மிஞ்சிய கறியை இன்றைய குழம்பில் கலக்கச் சொன்ன ஒரு முதலாளியிடமிருந்து அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இதைப் பக்தி என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த பக்தி இதுதான்.

ஃபிரிஸ்கோ ரெஸ்டாரன்ட்டில் ஒரு தம்பி சப்ளையராக இருந்தான். நாகர்கோவில் பக்கத்துப் பையன். அவனும் மனைவியும் என் அபார்ட்மென்ட்டுக்கு மேல் மாடியில் குடியிருந்தார்கள். அவளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று அவன் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அவளுடைய அம்மாவுக்கு விசா கிடைக்காததால் பத்தியச் சமையலும் என் தலையில் விழுந்தது. பூண்டுக் குழம்பு வைத்தேன், பால்சுறா கிடைக்காமல் கையில் கிடைத்த மீனைப் புட்டாக்கினேன். பெண் குழந்தை. தாய் குளிக்கப் போகிற நேரத்தில் குழந்தை என் தோளில் கிடந்து தூங்கும்.

ஒருநாள் நான் குழந்தையை வைத்திருந்தபோது அவள் சொன்னாள். “அண்ணே, பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கணும். நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்.”

“எனக்கு என்ன தெரியும்னு என்னைய நிக்கச் சொல்லுத?”

“பிள்ளைய ஒழுங்கா தூக்கத் தெரியும்லா? அவ அப்பாவுக்கு அதுவே இன்னும் வரல,” என்றாள். தம்பி, “என் மானத்த வாங்காத,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. ஞானத்தகப்பன் என்பவன் பேசத் தெரியாத பிள்ளைக்காகச் சபைக்கு முன்னால் நின்று வாக்குக் கொடுக்கிறவன். பிசாசின் காரியங்களை விட்டுவிடுகிறேன் என்று அதன் சார்பில் சொல்கிறவன். அது விசுவாசத்தில் வளர்வதற்குப் பொறுப்பு ஏற்கிறவன். எனக்கு மனைவி, பிள்ளை என்று எதுவும் அமையவில்லை. ஓர் உயிரை நம்பி என் கையில் கொடுக்கிறோம் என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

எங்களுக்குத் திங்கட்கிழமை லீவு. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் குழந்தையையும் தூக்கிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனோம். எல்லா வீடும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் புதுக் குடியிருப்பு. சபைப் போதகரும் அங்கே வந்திருந்தார். அவர் சாது. வார நாட்களில் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே சபையையும் கவனிக்கிறவர்.

“ரொம்ப சந்தோஷம்,” என்றார் செயலாளர். “ஆனா காட்ஃபாதரா நிக்கணும்னா சபையில ரெகுலரா இருக்கணும், கம்யூனியன் எடுக்கணும். இவரு ஒரு சண்டேகூட வந்ததில்லையே.”

“அண்ணனுக்கு லீவே திங்கக்கிழமைதான் அங்கிள்,” என்றாள் அந்தப் பெண்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நீ ஒர்ரி பண்ணாத. நம்ம சபையில நல்ல ஃபேமிலி ஒண்ணு இருக்கு. ரெண்டு பேருமே ஐடி, ஸெட்டில்ட். அவங்களை நிக்கச் சொல்றேன்.”

நான் போதகரைப் பார்த்தேன். “ஐயா, ஞானஸ்நானத்தையே ஒரு திங்கக்கிழமை சாயங்காலம் வச்சுக்கிட்டா என்ன? அன்னைக்குன்னா நாங்க எல்லாரும் வந்துருவோம்.”

“வைக்கலாம்,” என்றார் அவர். “வைக்கக்கூடாதுன்னு ஒண்ணும் இல்ல...”

“என்ன ஐயா நீங்க,” என்றார் செயலாளர். “சபையா கூடி வந்துதானே குடுக்கணும்? திங்கக்கிழமை யார் வருவா? எல்லாருக்கும் வேலை இருக்குல்ல.”

போதகர் தலையை ஆட்டிவிட்டார்.

எல்லாருக்கும் வேலை இருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. அவர்களுடைய வேலை காரணம், என்னுடைய வேலை சாக்கு. திங்கட்கிழமை அவர் ஆபீஸில் உட்காருவதை ஆண்டவர் புரிந்துகொள்வார். ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் நிற்பதை மட்டும் புரிந்துகொள்ள மாட்டார். நான் நிற்பதே இவர்கள் தின்பதற்குத்தான். ஓய்வுநாளைப் பற்றிய அந்தக் கட்டளையில் வீட்டு வேலைக்காரனும் ஓய வேண்டும், மாடும் கழுதையும்கூட ஓய வேண்டும் என்று இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியது. அவரும் பண்ணியிருப்பார். அவருக்கு முதல் பாதி மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் முதலாளியிடம் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டேன். ஈரோட்டுக்காரர். கல்லாவுக்கு மேல் பிள்ளையார் படம் வைத்திருப்பார். தினமும் அதற்குப் பூ வைத்துவிட்டுத்தான் கடையைத் திறப்பார்.

“ஏனுங்க மாஸ்டர், சண்டே கூட்டமே உங்க சர்ச்சு ஜனந்தானுங்களே? அவிங்களுக்குப் பிரியாணி போடத்தானுங்க உங்களுக்கு லீவு இல்லீங்கறேன். ஞாயித்துக்கெழம வீட்டுல சாப்பிட்டுக்கறோம்னு அவிங்க சொல்லட்டும். நானே உங்கள கார்ல கொண்டுபோய் சர்ச்சு வாசல்ல எறக்கி விடறனுங்க.”

அவர் கிண்டல் பண்ணவில்லை, உள்ளதைச் சொன்னார். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஃபே வரிசையில் வைத்தே செயலாளரிடம் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

“உங்க ஓனர் நல்லா ஜோக் அடிக்கிறாரு பிரதர்,” என்று சொல்லிக்கொண்டே குலாப் ஜாமூன் பக்கம் நகர்ந்தார்.

ஞானஸ்நானத்துக்கு ஒரு ஞாயிறு குறித்தார்கள். முடிந்ததும் எல்லாருக்கும் எங்கள் கடையில் பஃபே என்றும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். தம்பிக்கு என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“அண்ணே, வேண்டாம்னு சொல்லிரவா? ஊருக்குப் போகும்போது அங்க வச்சுக் குடுத்துக்கிடுவோம்.”

“நீ எப்ப ஊருக்குப் போவ? உன் விசா பேப்பரே இன்னும் வரல. பிள்ளைக்குத் தண்ணி படட்டும்ல. யாரு நின்னா என்ன?”

அப்படிச் சொன்னேனே தவிர, மனசு ஆறவில்லை. தம்பி முன்பே லீவு சொல்லியிருந்தான். சனிக்கிழமை நானும் முதலாளியிடம் போய், நாளைக்கு வரமாட்டேன் என்றேன்.

“வரலீன்னா அப்பறம் வரவே வேண்டாமுங்க மாஸ்டர்.”

“சரிங்க.”

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகம் இருந்தது. “உங்க சாமிக்கே சமைச்சுப் போடறீங்கன்னு நெனச்சேனுங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெங்காய வாசனை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கே புதிதாக இருந்தது. குழந்தைக்காக நின்ற அந்தக் கணவன் மனைவி நல்லவர்கள்தான். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் குழந்தையின் தலையை எப்படித் தாங்குவது என்று தம்பியின் மனைவி அந்த அம்மாவுக்கு அங்கே நின்றுதான் காட்டிக் கொடுத்தாள். கணவர் போனைப் பார்த்துப் பதில்களை வாசித்தார். பிசாசின் காரியங்களை விட்டுவிடுகிறீர்களா என்று போதகர் கேட்ட நேரத்தில் போன் திரை அணைந்துவிட்டது. அவர் அதைத் தட்டி எழுப்புகிறவரை சபையே காத்துக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. எழுந்து போய் வாங்கிவிடலாமா என்று என் கால் துடித்தது. பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் செயலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பார்த்தீங்களா பிரதர்? மனசு இருந்தா வர முடியுது.”

கையை விடுவித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்குப் போனேன். குழந்தை விடாமல் அழுததால் அவர்களும் பஃபேக்குப் போகாமல் என் பின்னாலேயே வந்துவிட்டார்கள். நான் அடுப்பில் ரசம் கூட்டி வைத்திருந்தபோது போன் அடித்தது. செயலாளர்.

“பிரதர், என்ன இது, கடை பூட்டியிருக்கு? இன்னைக்கு பஃபே இல்லன்னு பேப்பர் ஒட்டியிருக்காங்க. எல்லாரும் பார்க்கிங்ல நிக்கிறோம். கிட்ஸ் எல்லாம் பசியில இருக்காங்க.”

“ஓய்வுநாள் அங்கிள்.”

போனில் அவருக்குப் பின்னால் யாரோ, “சண்டேகூட ஒழுங்கா திறக்க மாட்டாங்களா?” என்பது கேட்டது.

“சரி, விளையாடாதீங்க பிரதர். பக்கத்துல வேற எங்க பஃபே இருக்கு, சொல்லுங்க.”

அதுதான் அவர் கேட்ட அடுத்த கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் ஒரு கேரளாக் கடை இருக்கு. அங்க சமைக்கிறவரும் கிறிஸ்தவர்தான். ஏன் சர்ச்சுக்கு வர்றதில்லன்னு அவருகிட்டயும் ஒரு வார்த்தை கேளுங்க.”

போனை வைத்துவிட்டு அடுப்பைச் சிறிதாக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண் குழந்தையைக் கொண்டுவந்தாள். “அண்ணே, கையைக் கழுவுங்க,” என்றாள். கழுவித் துடைத்தேன். குழந்தையை என் கையில் வைத்தாள். சர்ச்சில் போதகர் கேட்ட கேள்விகளை, ஞாபகம் இருந்த வரைக்கும், தட்டுத்தடுமாறி அவள் என்னிடம் கேட்டாள். விட்டுப் போனதைத் தம்பி எடுத்துக் கொடுத்தான். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். போனைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. ரசம் பொங்கி அடுப்பில் வழிந்தது, யாரும் அதைப் போய் அணைக்கவில்லை.

முதலாளி சொன்னபடியே செய்தார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மறுபடியும் பெட்டியைக் கட்டி நியூ ஜெர்சிக்கு வந்தேன். சபையின் கணக்கில் அந்தப் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் வேறொருவர். அவர் அவளைப் போய்ப் பார்ப்பதே இல்லை என்று தம்பி சொல்கிறான். திங்கட்கிழமைதோறும் வீடியோவில் நான்தான் அவளோடு சேர்ந்து ஜெபம் பண்ணுகிறேன். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீஷில் ஆமென் என்கிறாள்.

இங்கேயும் ஞாயிறு பஃபே உண்டு. இங்கேயும் ஒரு சபைக் கூட்டம் வருகிறது. மேசையைச் சுற்றி நின்று, சமைத்த கரங்களை ஆசீர்வதியும் என்று கண்ணை மூடிக் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் நான் சமையல்கட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன்.