அம்மாவுக்கு ஆகாத மல்லாட்டை

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு தங்கை இருந்தாள். ஆறு மாதம் இருந்துவிட்டு மாந்தம் கண்டு போய்விட்டாள். அவளைக் கொன்றது மல்லாட்டை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வேர்க்கடலைக்குச் செஞ்சிப் பக்கம் அதுதான் பெயர். காய் பிடுங்குகிற காலத்தில், பால் கொடுக்கிற உடம்போடு அம்மா வேகவைத்த மல்லாட்டை ஒரு கைப்பிடி தின்றாளாம். அது பாலில் இறங்கி, பால் பிள்ளை வயிற்றில் இறங்கி, மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டதாம். இதை எனக்குச் சொன்னவள் அத்தை. நைனாவின் அக்கா, புருஷன் போனபிறகு எங்களோடு வந்து இருந்தவள். பொல்லாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த மூன்று நாளும் தங்கையைத் தோளிலிருந்து இறக்காமல் நடந்தவள் அவள்தான்.

அதற்குப் பிறகு அம்மா மல்லாட்டையைத் தொடவே இல்லை என்று சொன்னால் பொய். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தொட்டுக்கொண்டுதான் இருந்தாள். நைனா மூட்டை தூக்குகிற மண்டியிலிருந்து காயை வீட்டுக்கு அனுப்புவார்கள். உடைத்துப் பருப்பாகத் திருப்பித் தர வேண்டும். அம்மாவும் அத்தையும் எதிரெதிரே உட்கார்ந்து உடைப்பார்கள். நான் பத்துக்கு ஒன்று வாயில் போட்டுக்கொள்வேன். அத்தை ஐந்துக்கு ஒன்று போட்டுக்கொள்வாள். அம்மாவின் கை வாய்ப்பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தம்பி பிறந்தான். பிள்ளை பெற்றவளுக்குக் கீரை ஆகாது, முட்டை ஆகாது, பூசணி குளிர்ச்சி, மாம்பழம் சூடு. ஆகாததையெல்லாம் தள்ளினால் பூண்டு ரசமும் சோறும் மிஞ்சின. அரிசி ரேஷனுக்குப் போனபிறகு சோறும் குறைந்தது. வீட்டில் கடைசியாக உட்காருகிறவள் அம்மா என்பதால் குறைந்ததெல்லாம் அவள் தட்டில்தான் குறைந்தது. பால் சுரக்கவில்லை. மூன்று மாதப் பிள்ளை அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினான். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை அவன் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படுகிறவரை எனக்கு மூச்சு வராது.

அந்தக் கோடை விடுமுறையில் திண்டிவனத்திலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் ஒரு நர்சம்மா வர ஆரம்பித்தார். மாதா கோயிலை ஒட்டின கொட்டகையைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி, வீடு வீடாகப் போய் விறகு திரட்டி, கைப்பிள்ளைக்காரிகளை உட்காரவைத்துக் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் போட்டார். சட்டம் ஒன்றே ஒன்று. தின்பதை அவர் கண்ணெதிரே தின்றுவிட்டுப் போக வேண்டும். முந்தானையில் முடிந்துகொண்டு போகக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அது யார் யார் வாய்க்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பிள்ளைகளைத் துணியில் கட்டிக் கொக்கித் தராசில் தொங்கவிடுவார். எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று பெண்கள் சண்டைக்கு வந்ததால், எழுதிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். ஆட்டினால் பிள்ளை ஏறியிருக்கிறது. ஆட்டாவிட்டால் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது.

ஜெபமாலை சொல்லப் போகிறேன் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா அங்கே போனாள். நோஞ்சான் பிள்ளைக்காக மாதாவிடம் முறையிட்டுவிட்டு வரட்டும் என்று அத்தையும் விட்டாள். துணைக்கு என்னையும் அனுப்பினாள்.

முதல் நாள், கூழ் குடித்து முடித்ததும் நர்சம்மா ஒவ்வொருத்தி கையிலும் ஓர் உருண்டையை வைத்துக்கொண்டு வந்தார். வறுத்த மல்லாட்டையை இடித்து, வெல்லப்பாகு சேர்த்துப் பிடித்தது. அம்மா கையிலும் ஒன்று வந்து உட்கார்ந்தது. அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அத்தகிட்ட சொல்லாத."

சொன்னால் அம்மாவுக்கு ஏச்சு, சொல்லாவிட்டால் தம்பிக்குச் சாவு. ஜெபமாலைப் பொய்க்கு நரகம் வேறு இருந்தது. எட்டு வயதில் இத்தனையையும் யோசித்து முடிப்பதற்குள் உருண்டை அம்மாவின் வாய்க்கு அருகே போய்விட்டது. எனக்குப் பசிக்கிறது என்று கையை நீட்டினேன். நர்சம்மா அடுத்த வரிசைக்குப் போயிருந்தார். அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

மறுநாளும் பசித்தது. அதற்கு மறுநாளும் பசித்தது. மூன்று வாரம் இப்படித் தினமும் ஓர் உருண்டையாகத் தின்று தம்பியின் உயிரைக் காப்பாற்றினேன். உருண்டை அபார ருசியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தியாகம் இவ்வளவு இனிக்கும் என்று ஞானோபதேச வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

ஆனால் நர்சம்மாவின் தலை ஆடவில்லை. முதல் வாரமும் இல்லை, இரண்டாம் வாரமும் இல்லை. எனக்குத் தூக்கம் போயிற்று. உருண்டையை வாங்கி என்னிடம் கொடுக்கிற அந்த ஒரு நொடியில் அம்மாவின் விரலில் ஒட்டுகிற பிசுக்குகூடப் பாலில் இறங்கிவிடுமோ என்று தோன்றியது. கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் கையைக் கழுவும்மா என்று நச்சரித்தேன். அம்மா ஏன் என்று கேட்காமல் கிணற்றடியில் நின்று கழுவினாள். அது எனக்கு அப்போது வியப்பாக இருக்கவில்லை.

மூன்றாம் எடையன்று நர்சம்மா தராசைப் பார்த்தார். அம்மாவின் தோள் எலும்பைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைப் பார்த்தார். மூன்று வாரத்தில் அது நன்றாக உப்பியிருந்தது.

"உருண்டைய நீ தின்றியாம்மா, இவ தின்றாளா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிள்ளை பசி என்று கேட்கிறாள், எப்படி இல்லையென்பது என்று மெதுவாகச் சொன்னாள். நர்சம்மா கோபிக்கவில்லை. பானையிலிருந்து இரண்டு உருண்டை எடுத்து, இது இவளுக்கு, இது உனக்கு, இனிமேல் இரண்டு தருகிறேன் என்றார். இரண்டு உருண்டை என் கணக்கிலேயே இல்லை. இரண்டையும் நானே கேட்டால் யார் நம்புவார்கள்? அழுகை பீறிட்டது.

"எனக்குப் பசியில்ல. அம்மா துண்ணா தம்பி செத்துப்பூடுவான்."

கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். தங்கை போன கதை செஞ்சியில் தெரியாதவர்கள் கிடையாது. ஒருத்தி தன் கையிலிருந்த உருண்டையை மெல்ல இலையில் வைத்தாள். இன்னொருத்தியும் வைத்தாள். அவர்கள் வீடுகளிலும் அத்தைகள் இருந்தார்கள். நர்சம்மா அசுத்தத் தண்ணீரைப் பற்றியும் ஈயைப் பற்றியும் மாந்தத்தைப் பற்றியும் என்னென்னவோ எடுத்துச் சொன்னார். யாருடைய காதிலும் ஏறவில்லை என்று அவருக்கே தெரிந்தது. கடைசியில் அம்மாவின் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உனக்கு இல்லாம அவனுக்கு எங்கேருந்தும்மா பால் வரும்?"

அம்மா தம்பியைத் தூக்கி என் மடியில் வைத்தாள். உருண்டையைக் கையில் எடுத்தாள்.

தம்பி பிழைத்தான். அடுத்த ஒரு வாரம் நான் அவன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தே இளைத்துப்போனேன். நடுவில் ஒருநாள் அவனுக்கு வயிறு போனபோது, அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வாசல்வரை ஓடித் திரும்பினேன். அதுவும் தானாக நின்றது. அதற்கடுத்த எடைக்கு நர்சம்மாவின் தலை ஆடியது. இன்று அவன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான். மல்லாட்டை என்றால் உயிர்.

எனக்கு முதல் குழந்தை பிறந்திருந்தபோது இந்தக் கதையைச் சொல்லி அம்மாவைச் சீண்டினேன். உன்னை எப்படி ஏமாற்றினேன் பார்த்தாயா என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நீ கைய நீட்டினப்பல்லாம் எனக்கு உசுரு வந்துச்சுடி," என்றாள்.

அன்று கொட்டகையில் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அந்த உருண்டையைத் தின்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. கடித்தாள், மென்றாள், நிறுத்தினாள், மறுபடியும் மென்றாள். கண்ணை என் மடியிலிருந்த தம்பியின் மேலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணில் நீர் வேறு. பாகு முற்றி உருண்டை கெட்டியாகிவிட்டது போலிருக்கிறது, பாவம், பல் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.