மங்களத்தை நான் ஜெயிலுக்கு அனுப்பவில்லை

1. எட்டரை மணி ஃபோன்

மங்களத்தை ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லி ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு எனக்கு ஃபோன் வந்தது. அடுப்பில் தோசை. ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினேன்.

பேசியவர் கார்த்திக், சேனலின் கிரியேட்டிவ் ஹெட். என் மகன் வயது. மரியாதையாகவே பேசுவார், ஆனால் மூச்சு விடாமல் பேசுவார்.

"மேடம், டிசைட் பண்ணிட்டோம். மங்களத்தை ஃபுல் நெகட்டிவ் ஆக்கிடலாம். லெட்டரை எரிக்கிறா, மாமியாருக்கு மாத்திரையை மாத்திக் குடுக்கறா, போலீஸ் வந்து அரெஸ்ட். இன்னிக்கே ஷூட்."

"போலீஸா? எதுக்குப்பா?"

"இல்லேன்னா ஃபுல் பாசிட்டிவ். எல்லார் கால்லயும் விழறா, அழறா, திருந்திடறா. ரெண்டுல எதுன்னாலும் எங்களுக்கு ஓகே. இந்த நடுவுல நிக்கறது மட்டும் வேணாம் மேடம். ஆடியன்ஸுக்கு யாரைத் திட்டறதுன்னே தெரியல!"

தோசை கருகிவிட்டது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீரியலில் கதை ஒருவர் சொல்வார், திரைக்கதை ஒருவர் பிரிப்பார், வசனம் இன்னொருவர் எழுதுவார். நான் வசனம். காட்சியை எழுதி அனுப்பும் தாளுக்கு சீன் பேப்பர் என்று பெயர். அது வந்தால்தான் நடிகர்கள் பேச முடியும். முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கும் எபிசோடுகளை பேங்க் என்போம். அன்று எங்கள் பேங்கில் இருந்தது ஒரே ஒரு எபிசோடு, அன்று இரவுக்கானது. அதாவது வியாழன் எழுதி, வியாழன் எடுத்து, வெள்ளி இரவு ஏழரைக்கு வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும்.

2. மங்களம் எங்கிருந்து வந்தாள்

கதை சின்னதுதான். படுத்த படுக்கையாக ஒரு மாமியார். இரண்டு மருமகள்கள். மூத்தவள் மங்களம், இளையவள் நந்தினி. நந்தினிக்கு கோயம்புத்தூரில் அரசு வேலை கிடைத்து, நியமன ஆணை ரிஜிஸ்டர் தபாலில் வருகிறது. மங்களம் கையெழுத்துப் போட்டு வாங்கி அரிசி டிரம்முக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். காரணம் பொறாமை. கதை இலாகாவில் எனக்குச் சொன்னது அவ்வளவே.

நான்தான் அவள் தனியாக நின்று முணுமுணுக்க ஒரு வரி எழுதினேன். "இவளும் போயிட்டா, நான் ஒருத்தியா எப்படி இவங்களைத் தூக்கி உக்கார வெப்பேன்?"

அந்த ஒரு வரியில் கெட்டது எல்லாம். மறுநாளிலிருந்து சேனலின் இணையப் பக்கத்தில் பாதிப் பேர் மங்களத்தைத் திட்டினார்கள், பாதிப் பேர் திட்டியவர்களைத் திட்டினார்கள்.

அந்த வரி என் கற்பனை இல்லை. என் ஓரகத்தி வசந்தி அக்கா எப்போதோ சொன்னது. என் கணவரின் அண்ணன் மனைவி. குரோம்பேட்டையில் நாங்கள் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தபோது என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு சீரியல் கம்பெனியிலிருந்து வீட்டு லேண்ட்லைனுக்கு ஃபோன் வந்தது, என்னை உடனே வரச் சொல்லி. எடுத்தது வசந்தி அக்கா. எனக்குச் சொன்னது மூன்று நாள் கழித்து.

"மறந்துட்டேன்டி" என்றார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். நல்லவேளை, இடம் இன்னும் இருந்தது. வேலை கிடைத்தது. நானும் கணவரும் கிழக்குத் தாம்பரத்துக்கு வீடு மாறிவிட்டோம். மாமியார் வசந்தி அக்காவோடு அதற்கப்புறம் மூன்று வருஷம் இருந்தார்.

அந்த மூன்று நாளை நான் பதினெட்டு வருஷம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். மங்களம் கிடைத்ததும் எல்லாவற்றையும் அவள் மேல் கொட்டினேன். வசந்தி அக்காவின் நடை, இடுப்புச் சாவிக்கொத்து, கோபம் வந்தால் தொண்டையைச் செருமிக்கொள்வது எல்லாம் மங்களத்துக்குப் போனது. அக்கா சீரியல் பார்ப்பதில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். கல்யாணங்களில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் பேச்சில்லை.

3. கத்தரிக்காய்

கார்த்திக் ஃபோனை வைத்த பத்தாவது நிமிஷம் ஷீபா கூப்பிட்டாள். மங்களமாக நடிப்பவள் அவள். சேலையூரில் வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் கொயரில் பாடுவாள், எறும்பைக் கூட மிதிக்காத பெண். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று புரியவில்லை.

"அக்கா! தாம்பரம் மார்க்கெட்ல என்னை கத்தரிக்காயால அடிச்சிட்டாங்க!"

"யாரு?"

"காய்காரம்மா. 'ஏம்மா, அந்தப் பொண்ணு லெட்டர குடுக்க மாட்டியா நீ'ன்னு கேட்டு மூஞ்சிலயே விட்டாங்க. உடனே பக்கத்துல இருந்த பூக்காரம்மா எழுந்து சண்டைக்கு வந்துட்டாங்க. 'இன்னா தப்பு பண்ணிச்சு அது? ஒண்டியா கெழவிய பாத்துக்கினு கீது, நீ வந்து பாத்துக்கிறியா'ன்னு. ரெண்டு பேருக்கும் பெரிய ரகளை அக்கா. என்னை மறந்தே போயிட்டாங்க. நான் நடுவுல நின்னுக்கிட்டு இருக்கேன்!"

"அடி பட்டுச்சா?"

"இல்ல. அடிச்ச அம்மாவே கடைசில கால் கிலோ கத்தரிக்காய் சும்மா குடுத்து அனுப்பினாங்க. ஆனா அக்கா, எனக்குப் போதும். என் பொண்ணு பக்கத்துல ஸ்கூல் வேன்ல யாரும் உக்கார மாட்டேங்கறாங்களாம். என்னைக் கால்ல விழ வெச்சு நல்லவளாக்கிடுங்க. ப்ளீஸ். போலீஸ் சீன்னா இன்னிக்கு நான் கேமரா முன்னாடி வர மாட்டேன்."

சேனலுக்கு எது என்றாலும் சரி. ஆனால் டைரக்டருக்கு போலீஸ் சீன்தான் வேண்டும், அதில் ஆக்‌ஷன் இருக்கிறதாம். ஷீபாவுக்குக் காலில் விழ வேண்டும். எனக்கு இரண்டும் வேண்டாம்.

4. வேங்கைவாசல் பங்களா

வேங்கைவாசலில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் ஷூட்டிங் நடந்தது. ஷேர் ஆட்டோ பிடித்து, பத்தரைக்குப் போய் இறங்கினேன். வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றார். ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன். நிஜ போலீஸ் இல்லை, திருநீர்மலையிலிருந்து வந்த துணை நடிகர். தொப்பி, லத்தி எல்லாம் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நான் யாரை அரெஸ்ட் பண்ணணும்?"

"இருங்க சார். இன்னும் தெரியல."

உள்ளே யூனிட்டே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. லைட்மேன்கள் மங்களத்தின் பக்கம். மேக்கப் அண்ணன் நந்தினி பக்கம். "படிச்ச பொண்ணு லைஃபை கெடுக்கறது தப்பு இல்லியா?" என்று பவுடர் பஞ்சை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டைரக்டர், "ஒருத்தரும் வேலை பாக்க மாட்டீங்களா?" என்று கத்திவிட்டு, அவரும் வந்து விவாதத்தில் உட்கார்ந்துவிட்டார். கார்த்திக் நேரிலேயே வந்துவிட்டார்.

"மேடம், சீன் பேப்பர்?"

"எழுதிட்டே இருக்கேன்பா."

பொய். மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அரெஸ்ட் சீனில் மங்களம் பேசியது எதுவும் அவள் பேசுகிற மாதிரியே இல்லை. காலில் விழும் சீன் அதைவிட மோசம். இரண்டையும் கிழித்தேன். லெட்டரைப் பறிகொடுத்தவளுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. ஒளித்து வைத்தவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

வசந்தி அக்காவுக்கு ஃபோன் செய்தேன். நலம் விசாரித்தால் தைரியம் போய்விடும் என்று நேராகவே கேட்டேன்.

"அக்கா, அன்னிக்கு அந்த சீரியல் கம்பெனி ஃபோனை நீங்க மறந்தீங்களா, மறைச்சீங்களா?"

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. ஒன்று. இரண்டு. அடுப்பை அணைக்கும் சத்தம்.

"மறைச்சேன்" என்றார். "மூணு நாள் மறைச்சேன். அதுக்கு மேல மனசு கேக்கல, சொல்லிட்டேன். ஏன், மங்களத்துக்கு இன்னிக்கு வசனம் வரலியா?"

படியிலிருந்து எழுந்துவிட்டேன். "நீங்க பாக்கறீங்களா?"

"முதல் வாரத்துலேருந்து. வேற யாரு இடுப்புல அந்தச் சாவிக்கொத்து தொங்கும்? என் வீட்டுக்காரரே கேட்டார், 'என்னடி, உன்ன மாதிரியே செருமறா'ன்னு."

"அக்கா, நான்…"

"நீ பேசாத. நான் பேசறேன். நான் பண்ணினது தப்பு. தெரிஞ்சுதான் பண்ணினேன். மன்னிப்பு கேக்கச் சொன்னா கேக்க மாட்டேன். நீ பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போன அன்னிக்கு, நாளைக்குக் காலைல அத்தைக்கு டயப்பர் மாத்தறது யாருன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்கவில்லை. நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சந்தோஷமாகப் போனேன்.

"கேக்கலக்கா."

"உன் புருஷன் கேட்டானா? என் புருஷன் கேட்டாரா?"

"இல்ல."

எனக்குக் கண் எரிந்தது. அப்புறம் அக்காவே தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"சரி, எழுதிக்கோ. ஆனா ஒண்ணு. அவளுக்கு அந்த வாழைப்பழக் கலர் புடவையை மாத்தச் சொல்லு. என் ஜென்மத்துல நான் அந்தக் கலர் கட்டினதில்ல. அவமானமா இருக்கு!"

நான் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த இன்ஸ்பெக்டர் லத்தியோடு உள்ளே ஓடிவந்தார்.

இருபது நிமிஷத்தில் சீன் முடிந்தது. மங்களம் டிரம்மை நகர்த்தி லெட்டரை எடுத்து நந்தினியிடம் கொடுக்கிறாள். நந்தினி கேட்கிறாள்: "தப்புன்னு தெரியலியாக்கா?" மங்களம்: "தெரிஞ்சுதான் பண்ணினேன். சேர இன்னும் ரெண்டு நாள் இருக்கு. போ. ஆனா போறதுக்கு முன்னாடி, நாளைக்குக் காலைல அத்தைக்கு டயப்பர் மாத்தறது யாருன்னு, அதோ சாப்டுக்கிட்டு இருக்காங்களே ரெண்டு பேர், அவங்களைக் கேட்டுட்டுப் போ."

கேமரா திரும்புகிறது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு கணவன்கள். இந்த இரண்டு நடிகர்களும் ஆரம்பத்திலிருந்து "அம்மா எப்படி இருக்காங்க?" என்பதைத் தவிர உருப்படியாக எதுவும் பேசியதில்லை. மூத்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், எனக்கு டயலாக்?"

"இல்ல சார். சோறு கையிலயே இருக்கட்டும். முழிங்க."

ஷீபா தாளைப் படித்தாள். காலில் விழவில்லையே என்று கேட்பாள் என்று பயந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கிளிசரின் பாட்டிலை மேக்கப் அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். ஒரே டேக். கட் சொன்ன பிறகும் கணவன்கள் நிஜமாகவே முழித்துக்கொண்டிருந்தார்கள்.

கார்த்திக் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அழல. சிரிக்கல. இது இப்ப பாசிட்டிவா, நெகட்டிவா மேடம்?"

"தெரியலப்பா."

"சரி, போட்டுப் பாக்கலாம். ஊத்திக்கிச்சுன்னா திங்கட்கிழமை போலீஸ்."

இன்ஸ்பெக்டருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். யாரையும் அரெஸ்ட் செய்யாததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

5. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம்

வெள்ளி ஏழரைக்கு நானும் கணவரும் டிவி முன் உட்கார்ந்தோம். கேமரா திரும்பியதும் அவர் வாயில் போட்ட முறுக்கைக் கடிக்கவில்லை. விளம்பரம் வந்ததும், "இது நம்ம வீடுதானே?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்துபோய் அண்ணனுக்கு ஃபோன் செய்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பேசினார்கள்.

ஷீபாவுக்காகச் சண்டை போட்ட அந்தப் பூக்காரம்மாவிடம்தான் நான் வழக்கமாகப் பூ வாங்குவேன், நான் எழுதுவதும் அவருக்குத் தெரியும். சனிக்கிழமை காலை மார்க்கெட்டில் அவர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பஸ் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"யக்கா! நேத்து எங்க வூட்ல ஒரே பேஜாரு! டிவிய நிறுத்திட்டு நானும் அதே கேள்விய கேட்டுட்டேன்! இன்னிக்கு என் புருசன் அவங்க ஆத்தாளுக்கு கஞ்சி ஊட்டிக்கினு கீறான்! மூக்குலயே ஊட்றான், ஆனா ஊட்றான்!"

எனக்கு அங்கேயே ஆடலாம் போல இருந்தது. வயசை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மங்களம் நல்லவளா கெட்டவளா என்று அதற்கப்புறமும் யாரும் ஒத்துப்போகவில்லை. கருத்துகளில் பாதிக்குப் பாதி சண்டை அப்படியேதான் நடந்தது. ஆனால் சேனலிலிருந்து போலீஸ் என்ற பேச்சு திரும்ப வரவில்லை. ஷீபா மகளின் வேன் பிரச்சினை மட்டும் உடனே தீரவில்லை. அடுத்த வருஷம் ஷீபா ஒரு சாமி படத்தில் நல்லவள் வேஷம் போட்ட பிறகுதான் தீர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வசந்தி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பதினெட்டு வருஷத்தில் விசேஷம் எதுவும் இல்லாமல் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்டேன். அக்கா கேட்கவில்லை. சொன்னபடியே இருந்தார். காபி குடித்துவிட்டு, அடுத்த வாரம் மங்களம் என்ன செய்யப் போகிறாள் என்று விசாரித்து, நான் சொன்னதைக் கேட்டு, "சேச்சே, நான் அப்படிப் பண்ணவே மாட்டேன்" என்று கதையையே மாற்றிவிட்டுப் போனார். அவர் சொன்னதுதான் நன்றாக இருந்தது. அதைத்தான் எழுதினேன். சீரியல் முடியும்வரை வியாழக்கிழமைதோறும் எங்களுக்குள் ஃபோன் உண்டு, சண்டையும் உண்டு.

எழுத வருபவர்கள் என்னிடம் கேட்பார்கள், ஒரு பாத்திரத்தை நல்லவராக்குவதா கெட்டவராக்குவதா என்று எப்படி முடிவு செய்வது என்று. நான் ஒருமுறையும் முடிவு செய்ததில்லை. நாளைக் காலையில் அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது, அதில் யார் கைகொடுக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். அப்படியும் வசனம் வரவில்லையா? யாரிடமிருந்து அவரை எடுத்தீர்களோ, அவருக்கு ஃபோன் போடுங்கள். நிச்சயம் திட்டு விழும். பேனாவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.