சரிகை வைத்த டுட்டு

தங்கையின் டுட்டுவை, அதாவது பாலே ஆடும்போது போடும் வலைப்பாவாடையை, எடுக்க இன்று டூட்டிங் கடைத்தெருவில் உள்ள தையற்கடைக்குப் போனோம். அவளுக்கு ஒன்பது வயது. நாளை பாலே வகுப்பின் மேடை நிகழ்ச்சி.

தைத்த அக்கா பரதநாட்டிய உடுப்பில் கெட்டிக்காரி. அந்தப் பழக்கத்தில் வலைப்பாவாடையின் ஓரம் முழுக்கச் சரிகைக் கரை வைத்துவிட்டார். விரிந்து நிற்க வேண்டியது பாரம் தாங்காமல், நனைந்த குடை மாதிரித் தொங்கியது. தங்கையின் கண் கலங்கியது.

"கரை இல்லாட்டி வெறுமையாக் கிடக்குமெண்டு நினைச்சன் பிள்ளை," என்றார் அக்கா.

தன் முறைக்குக் காத்திருந்த ஒரு அண்ணை இடையில் புகுந்தார்.

"தொங்கினால் நல்லதுதானே. பொம்பிளைப் பிள்ளைக்குக் கால் தெரியிற உடுப்பு என்னத்துக்கு?"

எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"அண்ணை, முதல்ல டுட்டுவும் நீளமாத்தான் இருந்தது. ஆடுறவையின்ர கால்வேலை தெரியவேணுமெண்டுதான் வரவரக் கட்டையாக்கினவை. இப்ப கடைக் கண்ணாடியளில லெகிங்ஸுக்கு மேல தொங்கிற வலைப்பாவாடை எல்லாம் இதைப் பாத்து வந்ததுதான். உங்கட வீட்டிலயும் ஒண்டு கிடக்கும், போய்ப் பாருங்கோ."

அக்கா சரிகையைப் பிரித்தெடுத்தார். வலை மெல்ல எழும்பியது. தங்கை போட்டுக்கொண்டு கடை நடுவில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை தட்டுப் போல விரிந்தது. அண்ணை தானாகவே சுவரோரம் ஒதுங்கினார்.

"அந்த மாதிரி இருக்குது, நல்ல வடிவு!" என்ற அக்கா அவர் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன அண்ணை?"

"காற்சட்டை ஒண்டு. கொஞ்சம் கட்டையாக்கவேணும்."

மரியாதைக்காக அங்கே வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். நீங்கள் சொல்லுங்கள், அவரின் காற்சட்டையில் எவ்வளவு வெட்டலாம்?