அறிமுகக் கையெழுத்து

தொண்ணூறுகளில், வீடுகளை வாங்கி வாடகைக்கு விட நானும் மைத்துனனும் மாமல்லபுரத்தில் கம்பெனி தொடங்கினோம். அதன் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க, அங்கே ஏற்கெனவே கணக்குள்ள ஒருவர் எங்களைத் தெரியும் என்று கையெழுத்துப் போட வேண்டும். கழுத்துவரை பொத்தான் போட்டு, வங்கி பெஞ்சில் கிராம்பு மென்றுகொண்டிருந்த ஒல்லியான மனிதர் தாமாகவே எழுந்து வந்தார். அவரை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

"இவரை எப்படித் தெரியும்?" என்று மேனேஜர் கேட்டார்.

"இவரு வூட்லதான் சார் குடியிருந்துகினு கீறேன். சவுக்குத் தோப்பாண்ட."

நாங்கள் வாங்கியிருந்த ஒரே வீடு அதுதான். புதிதாகக் கட்டியது, இன்னும் யாரும் குடிவரவில்லை. உதவிக்குச் சொன்ன பொய் என்று நினைத்து, கையெழுத்துக்குப் படிவத்தை அவரிடம் நீட்டினேன்.

மாலையில் போய்ப் பார்த்தேன். பூட்டு அப்படியே இருந்தது. திறந்ததும் உள்ளே கிராம்பு வாசனை.

அவரை மறுபடி எங்கும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குப் போனால், சாவி கையில் இருந்தும் கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்கிறேன்.