அருமைநாயகி அழாத சாவு

"நகுலேஸ்வரரே நேரிலை வந்து சொன்னாலும், என்ரை கண்ணாலை காணாமல் ஒரு செய்தியையும் நம்பமாட்டன்!"

கொக்குவில் அருமைநாயகி தம் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து செய்த இந்தப் பிரகடனம் வெறும் வாய்ச்சவடால் அன்று. பத்திரிகையில் ஏதாவது வந்தால் காரியாலயத்துக்கே போன் எடுத்து, "ஆர் கண்டது?" என்று விசாரிப்பவர் அவர். கீரிமலைக் கேணி வற்றிவிட்டதாக முகநூலில் படத்தோடு செய்தி வந்து ஊரே தலையில் கைவைத்தபோது, பஸ் ஏறிப் போய், முங்கிக் குளித்து, ஈரத்தலையோடு திரும்பி வந்து மறுப்பறிக்கை விட்டார். மற்றவர்கள் அதற்குள் அந்தப் படத்தை அவுஸ்திரேலியா வரை அனுப்பி முடித்திருந்தார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டுக்கே இந்த ஆவணியில் ஒரு மரணச் செய்தி வந்தது. அன்று பின்னேரம் கோயிலில் அவர்கள் வீட்டு உபயத் திருவிழா. காலையில் கணவனின் தம்பி நிருஷன் கைபேசியை நீட்டினான். கனடாவில் இருக்கும், அவனுக்கும் அண்ணனுக்கும் பெரியப்பாவான சோமசேகரம் பூமாலைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே வரிசையாக அனுதாபங்கள்.

மனிதர் செத்தது உண்மையானால் குடும்பத்துக்கே துடக்கு. ஒரு மாதம் கோயில் வாசலை மிதிக்க முடியாது. வருடம் முழுக்கக் காத்திருந்த திருவிழா பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளையின் கைக்குப் போய்விடும். அவர் தம் பட்டு வேட்டியை ஏற்கெனவே வெயிலில் விரித்திருந்தார்.

நிருஷன் கிணற்றடியில் சாவுக்குத் தலைமுழுகித் தோய்ந்துவிட்டு வந்து அழுதான்.

"தோயுங்கோ மச்சாள். சனம் என்ன சொல்லும்?"

"செத்ததெண்டு ஆர் சொன்னது?"

"எல்லாரும் போட்டிருக்கினம்!"

"எல்லாரும் ஆரைப் பாத்துப் போட்டவை? நீ ஆரைப் பாத்து அழுதனி?"

நிருஷன் தன் கண்ணீரின் மூலத்தைத் தேடிப் போனான். ஒருவரைப் பார்த்து ஒருவர் அழுதிருந்தார்கள்; கடைசி ஆள், நிருஷனின் அனுதாபத்தைப் பார்த்து அழுதிருந்தார்.

திருவிழா யாருடையது என்று கோயிலிலிருந்து ஐயர் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார். கனடாவில் அப்போது சாமம். அருமைநாயகி சோமசேகரத்தின் எண்ணுக்கு விடாமல் அழைத்துக்கொண்டேயிருந்தார். ஒருவழியாக, "ஆரது?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"மாமா, முகத்தைக் காட்டுங்கோ பாப்பம்."

"பல்லுச் செற்றைக் கழட்டி வைச்சிட்டன் பிள்ளை. இந்தக் கோலத்திலை காட்டமாட்டன். திருவிழா வேலையை விட்டிட்டு என்ன விளையாட்டு உது?"

நிருஷன் காதருகே குனிந்தான். "மச்சாள், இப்ப குரலையும் கள்ளமாச் செய்யிறாங்கள். கமராவைப் போடச் சொல்லுங்கோ."

அருமைநாயகி ஒரு கணம் கைபேசியைப் பார்த்தார்.

"நீங்கள் படுங்கோ மாமா," என்று சொல்லி வைத்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, திருவிழா மோதகத்துக்கு மா குழைக்கப் போனார்.